மாப்பிள்ளை அறையின் சப்வூஃபர்

என் காக்கா, அதாவது அண்ணன், அப்துல் ஹாதிக்கு ஒரு வியாதி உண்டு. சர்க்கரையைச் சொல்லவில்லை, அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. வீட்டில் ஒரு சாமான் கெட்டுக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. குழாய் ஒழுகுகிறதா, மிக்ஸி உறுமுகிறதா, கதவுக் கொண்டி ஆடுகிறதா, உடனே கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். வேலை தெரியுமா என்று கேட்காதீர்கள். பாதி தெரியும். மீதிக்கு டேப்பைச் சுற்றிவிடுவார். அவர் வீட்டு டிவி ரிமோட்டைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் ஆள் மாதிரி இருக்கும்.

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். கீழக்கரையில் எங்கள் ஆட்களிடம் கல்யாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அவருக்கென்று அந்த வீட்டில் ஓர் அறை ஒதுக்கி, கட்டில், பீரோ, ஏசி என்று சக்திக்குத் தகுந்தபடி நிரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை அந்த அறைக்கு ராஜா. ஆனால் வாயில்லாத ராஜா. இது வேண்டும், அது சரியில்லை என்று மாமனார் வீட்டில் வாயைத் திறப்பது மரியாதை இல்லை. மாமனாரும் மாப்பிள்ளை உள்ளே இருக்கும்போது அந்த வாசலைத் தாண்டமாட்டார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பார்கள், சலாம் சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

காக்காவும் அப்படிப் போனவர்தான். காலிதா மதினியைக் கட்டிய முதல் கோடையில் அவர் அறையின் ஃபேன் நின்றுபோனது. இவர் சொல்லவில்லை. மதினி புதுப்பெண், வாப்பாவிடம் போய்ச் சொன்னால் புருஷன் குறை சொல்லிவிட்டார் என்று ஆகிவிடுமே என்று அவளும் சொல்லவில்லை. மே மாத வெக்கை, கடற்காற்றும் செத்துப்போன நாட்கள். இவர் மத்தியானம் சாப்பிட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்துவிடுவார். எங்கள் உம்மா வாசல் கதவைச் சாத்திவிடுவாள். மாப்பிள்ளை பகலில் உம்மா வீட்டில் தூங்கினால் தெரு என்ன பேசும்? பேசியது. பெண்ணைப் பிடிக்கவில்லையாம் என்று ஆரம்பித்து, விலக்கிவிடப் போகிறாராம் என்பது வரைக்கும் போய்விட்டது. மழை வந்து வெக்கை தணிந்த பிறகுதான் அந்தப் பேச்சும் தணிந்தது. மதினி அந்தக் கோடை முழுக்க அழுதாள்.

அதற்குப் பிறகு காக்கா ஜித்தாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்து, முடியெல்லாம் நரைத்து, ஊருக்குத் திரும்பினார். பெற்றது யும்னா ஒருத்தியைத்தான். அவளை நம் ஊரிலேயே மேலத்தெரு ரிஃபாய்க்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல பிள்ளை. வளைகுடாவில் எண்ணெய் கம்பெனி ஒன்றில், பெரிய பெரிய இரும்பு டேங்குகளைக் கழுவும் வேலை. கல்யாணமான கையோடு லீவு முடிந்து போய்விட்டான். போவதற்கு முன்னால் யும்னாவோடு படம் பார்க்கும்போது, "என்னா டிவி இது, கொசு கத்துற மாதிரி. சத்தம்னா நெஞ்சுல வந்து இடிக்கணும்" என்று சிரித்திருக்கிறான். யும்னா அதைத் தன் உம்மாவிடம் சொல்ல, உம்மா வாப்பாவிடம் சொல்ல, காக்கா அதை நெஞ்சிலேயே எழுதி வைத்துக்கொண்டார். வாயில்லாத ராஜா விளையாட்டாகச் சொன்ன ஒரே ஆசை அது.

ரிஃபாய் அடுத்த லீவுக்கு வருகிறான் என்று தெரிந்ததும் காக்கா ராமநாதபுரம் போய் ஹோம் தியேட்டர் வாங்கி வந்தார். சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள் சுவரின் நாலு மூலைக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிதான் சப்வூஃபர். பாட்டு, பேச்செல்லாம் சின்ன ஸ்பீக்கர்களில் வரும். நெஞ்சில் இடிக்கிற சத்தம் மட்டும் இந்தப் பெட்டியிலிருந்து வரும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். போட்டுக் காட்டினார். அடுப்படியில் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடின. "யா அல்லாஹ், வீடு விழுந்துறப் போவுது காக்கா, நிறுத்துங்க" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ரிஃபாய் வந்தான். வந்தவனைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, யாரோ அடித்துத் துவைத்து அனுப்பியது போல இருந்தான். சலாம் சொன்னான், சிரித்தான், பெட்டியைப் பார்த்தான். "நல்லாருக்கு மாமா" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அன்றைக்குச் சாயங்காலம் யும்னா ஆசையாகப் படம் போட்டாள். தெருவரைக்கும் இடித்தது. காக்கா கூடத்தில் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெட்டியில் சத்தம் இல்லை.

சின்ன ஸ்பீக்கரெல்லாம் பாடுகின்றன. பெட்டி மட்டும் ஊமை. மாப்பிள்ளை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்துக் காக்கா அறைக்குள் நுழைந்தார். பின்பக்கம் ஒரு திருகு இருக்கிறது, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். அது அடியோடு குறைத்துத் திருப்பியிருந்தது. "கூட்டுறவ வெளக்கமாறு இடிச்சுத் திருப்பிருச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, திருகைக் கூட்டி வைத்து, அசையாதபடி டேப்பைச் சுற்றினார். சாயங்காலம் மறுபடி இடித்தது. அவருக்கு நிம்மதி.

சில நாளில் மறுபடி ஊமை. இந்தத் தடவை பெட்டிக்கு வரும் வயர் பின்னால் கழன்று தொங்கியது. பல்லியா, எலியா என்று ஆராய்ச்சி. கட்டிலுக்கு அடியில் எலிப்பொறி வைத்தார். வயரைச் சொருகி அதற்கும் டேப். அதற்கடுத்த வாரம் திருகும் சரி, வயரும் சரி, சத்தம் மட்டும் இல்லை. காக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட வந்த புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ரிமோட்டில் உள்ளே உள்ளே போனால் அந்தப் பெட்டியை மட்டும் அணைக்கிற வசதி இருக்கிறதாம். அது அணைந்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா யும்னா, கண்ட பட்டனையும் அமுக்குறியா? ஒங்க வாப்பா இங்கன உயிர விட்டுக்கிட்டிருக்காரு" என்று கேட்டேன்.

"அல்லாஹ் மேல ஆணை மாமி, நான் தொடவே இல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. பட்டனைப் பற்றிக் கேட்டதற்கா இவ்வளவு கலங்குவாள் என்று அவளைத் தனியே அழைத்துப் போய் விசாரித்தேன். அவள் அழுது தீர்த்துவிட்டாள். "அவங்க என்கிட்ட சரியாப் பேசுறதே இல்ல மாமி. தூங்கவும் மாட்டேங்குறாங்க. கட்டில்ல உக்காந்து செவத்தையே பாத்துக்கிட்டிருக்காங்க. என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறாங்க. என்னைப் புடிக்கலையா மாமி?"

அவள் முகத்தைத் துடைத்துவிட்டு வந்தேன். அந்த வாரத்திலேயே ரிஃபாய் மத்தியானச் சோறு முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு மேலத்தெருவுக்குப் போக ஆரம்பித்தான். உம்மா வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டு அஸருக்குத்தான் எழுந்திருப்பான். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. தினமும் போனான். மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி என்னிடமே கேட்டாள்: "என்னா நஸீரா, ஒங்க வீட்டு மாப்புள அங்கனயே இருக்காராமே?" அவள் வாயில் மீன் முள் குத்த என்று மனதில் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

காக்காவுக்கும் செய்தி போயிருந்தது. அவர் என் வீட்டு நாற்காலியில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"நான் அப்ப எதுக்கு நம்ம வீட்டுக்கு வந்து படுத்தேன், சொல்லு" என்றார்.

"ஃபேன் ஓடல, வந்தீங்க."

"வாயத் தொறந்து சொன்னேனா?"

"இல்ல."

"அதேதான் இது. என் வீட்டுல அவருக்கு ஏதோ கொறை இருக்கு. சொல்லமாட்டாரு, மருவாதி தெரிஞ்ச புள்ள. நான் எல்லாத்தையும் பாத்துட்டேன் நஸீரா. ஏசி ஓடுது, ஃபேன் ஓடுது, தண்ணி வருது. அந்த ஊஃபர் ஒண்ணுதான் சரியில்ல. அத ஒண்ண மட்டும் நான் சரி பண்ணிட்டேன்னா..." என்றவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஜித்தாவிலிருந்து வந்த நாள் முதல் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பைத்தியக்கார மனுஷன் என்று திட்டத்தான் நினைத்தேன். ஆனால் ஒருவேளை அதுதானோ என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது. கிணற்றில் விழுந்தவர்களுக்குக் கயிறு எது, வேர் எது என்று பார்க்க நேரமா இருக்கும்?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. மாப்பிள்ளை தெருமுனையைத் தாண்டுகிறாரா என்று மதினி ஜன்னலில் நின்று பார்ப்பாள். தாண்டியதும் காக்கா உள்ளே பாய்வார். தரையில் கவிழ்ந்து படுத்துப் பெட்டியின் முதுகில் டார்ச் அடித்துப் பார்ப்பார். வேறு வயரை மாற்றினார். வேறு பிளக்கில் சொருகினார். உப்புக்காற்றில் துருப் பிடித்திருக்கும் என்று முனைகளையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தார். மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று ஸ்டெபிலைசர் வாங்கி வந்தார். கண்ணேறு பட்டிருக்கும் என்று மதினி ஓதி ஊதினாள். சாகக் கிடப்பவனுக்குப் பால் ஊற்றுவது போல ஆளுக்கு ஒன்று செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் வரும், மறுநாள் போகும். கடைசியில் ஒரேயடியாகப் போய்விட்டது. திருகும் சரி, வயரும் சரி, ரிமோட்டும் சரி. பெட்டியின் சின்ன விளக்குக்கூட எரியவில்லை.

யாரோ சொன்னார்கள் என்று காக்கா ஒரு வேலை செய்தார். பெட்டியைத் திறந்து, உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரையும் ஒரு பேட்டரிக் கட்டையில் தொட்டுப் பார்த்தார். ஸ்பீக்கரின் கறுப்புக் கிண்ணம் 'டப்' என்று துள்ளியது. "உயிரு இருக்கு! நஸீரா, உயிரு இருக்கு!" என்று கத்தினார். மறுபடி மறுபடி தொட்டார். அது மறுபடி மறுபடி துள்ளியது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மகள் அடுத்த அறையில் கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள், இவர் பேட்டரியை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறார். ஆனால் அந்த மனுஷனுக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ரிஃபாயின் உம்மாவையும் பெரியவர்களையும் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். பேச்சை அடக்க வேண்டுமென்றால் ஊரறியச் சோறு போட வேண்டும் என்பது மதினியின் கணக்கு. சம்பந்தி வீட்டார் முன்னால் அந்தப் பெட்டி இடிக்க வேண்டும் என்பது காக்காவின் கணக்கு. அன்று காலையில் ரிஃபாய் குளித்துவிட்டுச் சீக்கிரமே பள்ளிக்குப் போனதும், ராமநாதபுரத்திலிருந்து சேதுபதி என்ற மெக்கானிக்கைப் பைக்கில் வரவழைத்தார். அவர் பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல ஒண்ணுமே கெடலங்க. ஃபீஸ் இல்ல."

"கருகிருச்சா?"

"கருகியிருந்தா அங்கனயே கெடக்கும்ல? கண்ணாடிக் குழா மாதிரி சின்னதா இருக்கும், அதக் காணோம். யாரோ கையால உருவியிருக்காக."

காக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! யும்னாவைக் கூப்பிட்டுக் கத்தினார். பிறந்ததிலிருந்து அவளை 'ஏய்' என்று சொல்லாதவர். "ஒன் வாழ்க்கைய நீயே கெடுத்துக்கிறியா? எதுக்கு உருவுன? எதுக்கு?" என்று சுவரில் கையால் அடித்தார். மதினி நடுவில் விழுந்து மகளை இழுத்துப் போனாள். சேதுபதிக்குச் சங்கடமாகிவிட்டது. மெதுவாக, "புதுசு போட்டுறலாங்க, இதுக்குப் போயி" என்றார்.

"புதுசு போடாதீங்க. யாரும் எடுக்க முடியாத மாதிரி நேராச் சேத்து ஈயம் வச்சிருங்க" என்றார் காக்கா.

"அது தப்புங்க. கரண்டு கூட வந்தா பெட்டி எரிஞ்சுரும்."

"எரிஞ்சா எரியட்டும். இன்னிக்கி சத்தம் வரணும்." அவர் சொன்ன தினுசில் அந்த ஆள் ஈயத்தைக் கையில் எடுத்தார். சொன்னபடி செய்தார், திருகையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்தார். காக்கா தன் பங்குக்கு டேப் சுற்றினார்.

ஜும்ஆ முடிந்து எல்லோரும் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து சஹன் வைத்தோம். ஒரு பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும். அதைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவார்கள். ரிஃபாய் தன் பெரியாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பெண்கள் நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம். மாப்பிள்ளை கூடத்தில் இருப்பதால் காக்கா தைரியமாக அவர் அறைக்குள் போனார். பெரியவர்கள் இருக்கிறார்களே என்று சினிமாப் பாட்டுப் போடாமல், தஃப் என்கிற தோல் கொட்டை அடித்துப் பாடுகிற பைத், அதாவது மார்க்கப் பாட்டு, ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். அதைப் போட்டார்.

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் தஃப் மட்டும் தனியே. நிறுத்தி நிறுத்தி.

தும்... தும்... தும்...

தரை அதிர்ந்தது. பெரியவர் ஒருத்தர் "மாஷா அல்லாஹ்" என்றார். காக்கா அறை வாசலில் வந்து நின்று சம்பந்தி வீட்டாரைப் பார்த்துச் சிரித்தார். நான் திரை இடுக்கு வழியாக ரிஃபாயைப் பார்த்தேன். வாய்க்குக் கொண்டுபோன கை பாதியிலேயே நின்றிருந்தது. விரல் இடுக்கிலிருந்து சோறு உதிர்ந்தது. சட்டென்று எழுந்தான், சஹனை மிதித்தான், யாரையோ தள்ளினான், காக்காவை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். பெட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு அதன் முன்பக்கத் துணியை நகத்தால் கிழித்தான்.

"தொறங்க! உள்ள ஆளு இருக்கு! தட்டுறாருல்ல, கேக்கலையா ஒங்களுக்கு? செல்லச்சாமிண்ணே! இந்தா வாரேண்ணே! தொறங்கடா!"

கிழித்த துணிக்கு அடியில் கம்பி வலை. அதையும் பிய்த்தான். விரலில் ரத்தம். யும்னா திரையைத் தள்ளிக்கொண்டு, ஆண்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் ஓடினாள். காக்கா பிளக்கை வயரோடு பிடுங்கி எறிந்தார்.

சத்தம் நின்றது. ரிஃபாய் கை ஓய்ந்து, பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டான்.

"நின்னுருச்சு" என்றான். சின்னப்பிள்ளை மாதிரி காக்காவை நிமிர்ந்து பார்த்தான். "மாமா, தட்டுறது நின்னுருச்சு மாமா."

அவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். சட்டைப் பையிலிருந்து ஏதோ உருண்டு காக்காவின் கால் பக்கம் வந்து நின்றது. சின்னக் கண்ணாடிக் குழாய். காக்கா அதைப் பார்த்தார். குனிந்து எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். அவருக்கு எல்லாம் விளங்கியது அந்த நேரத்தில்தான் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ரிஃபாயின் உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பெரியாப்பா, "என்னா ஆச்சு ஹாதி? புள்ளைக்கி என்னா? ஏதும் புடிச்சிருக்கா?" என்று கேட்டார். நாளைக்கு ஊர் முழுக்க மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசப்போகிறார்கள் என்று நான் பயந்துபோனேன்.

காக்கா வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். "கரண்டு அடிச்சிருச்சு காக்கா" என்றார் பெரியவரிடம். "பெட்டியில கரண்டு கசிஞ்சிருக்கு. மாப்புள பாத்துட்டு அணைக்க ஓடுனாரு, அவரப் புடிச்சிருச்சு. கரண்டு புடிச்சா மனுஷன் ஒளறத்தான செய்வான்? தப்பு என் மேல. மெக்கானிக்கு வேணாம்னு சொன்னாரு, நான்தான் கேக்காம வயர நேராப் போடச் சொன்னேன். அரைகுறையாத் தெரிஞ்சவன் கை வைக்கக்கூடாது. என்னைய மன்னிச்சிருங்க."

ஒரு சாமான் தன் கையால் கெட்டது என்று அந்த மனுஷன் வாழ்க்கையில் ஒத்துக்கொண்டதே இல்லை. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் அவரை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மாப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயே என்றுகூடச் சொன்னார்கள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அன்றைக்கு முன்னால் மாப்பிள்ளை உள்ளே இருக்கும்போது அவர் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை.

உள்ளே என்ன நடந்தது என்று யும்னா பிறகு சொன்னாள். காக்கா தரையில் ரிஃபாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே, "சொல்லுங்க மாப்புள, யாரு செல்லச்சாமி?" என்று கேட்டாராம்.

செல்லச்சாமி திருப்பாலைக்குடிக்காரர். ரிஃபாயோடு ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் ஆக்கிச் சாப்பிட்டவர். டேங்குக்குள் ஒருத்தர் இறங்கினால் வெளியே வாயில் ஒருத்தர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரிஃபாய் லீவுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் இறங்கியவர் செல்லச்சாமி, வெளியே நின்றவன் ரிஃபாய். உள்ளே விஷவாயு. அவர் விழுந்துவிட்டார். ஏறி வர முடியவில்லை. கையில் இருந்த ஸ்பேனரால் இரும்புச் சுவரைத் தட்டினார். ரிஃபாய் இறங்கப் போனான். மேஸ்திரியும் மற்றவர்களும் அவனைப் பிடித்து அமுக்கிக்கொண்டார்கள். நீ இறங்கினால் நீயும் சாவாய், மீட்பு வண்டி வரட்டும் என்றார்கள். வண்டி வருகிற வரைக்கும் அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். தும்... தும்... வரவர இடைவெளி கூடி, பிறகு நின்றுவிட்டது.

"உம்மா வீட்டுக்கு ஏன் போனேன்னா, அங்கன பெட்டி இல்ல மாமா" என்றானாம். "இங்கன அது சும்மா இருந்தாலும் எப்பத் தட்டும்னு பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது? எனக்காக ஆசையா வாங்கி வச்சிருக்கீங்க. நான் ஒண்ணொண்ணாக் கழட்டக் கழட்ட நீங்க ஒண்ணொண்ணாச் சரி பண்றீங்க."

காக்கா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஒங்களக் கொன்னுருப்பேனே மாப்புள, ஒங்களக் கொன்னுருப்பேனே" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாராம். பிறகு எழுந்துபோய்க் கத்தரி எடுத்து வந்து, அவன் கண் முன்னாலேயே பெட்டியின் வயர்களை அடியோடு வெட்டினார். டேப் சுற்றவில்லை.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். ராமநாதபுரத்தில் மனநல டாக்டரிடம் காட்டுகிறோம், மாத்திரை சாப்பிடுகிறான். சில நாள் இன்னமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். ஆனால் யும்னாவிடம் பேசுகிறான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். மேலத்தெருவுக்குப் பகல் தூக்கத்துக்குப் போவது நின்றுவிட்டது.

ஒரு நாள் மாமனாரும் மருமகனும் பஸ் ஏறித் திருப்பாலைக்குடிக்குப் போனார்கள். செல்லச்சாமி பெண்டாட்டி நாகலெட்சுமி எதுவும் திட்டவில்லையாம். "கடைசியா எம்பேரச் சொன்னாரா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். ரிஃபாய் பொய் சொல்லவில்லை. "குரல் கேக்கலக்கா, தட்டுற சத்தந்தான் கேட்டுச்சு. என்னைய எறங்க விடல" என்று அழுதிருக்கிறான். காக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். அவள் வெகு நேரம் அழுதுவிட்டு, எழுந்து இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாளாம்.

பெட்டி மொட்டை மாடி அறையில் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிற யாராவது, "என்னா ஹாதி, அந்த ஊஃபரு சரியாச்சா?" என்று கேட்டால், "அது ஆகாதுப்பா, மட்டமான சாமான், சத்தமே வராது" என்று கோபமாகச் சொல்கிறார்.

போன வாரம் நல்ல உச்சி வெயிலில் காக்கா என் வீட்டுக்கு ஓடி வந்தார். வேர்த்து ஊற்றுகிறது, கையில் டேப். என்னவோ ஏதோ என்று எனக்குப் பதறிவிட்டது.

"நஸீரா, ஒன் ஏணியக் குடு."

"என்னா காக்கா? மாப்புளைக்கி என்னா?"

"ஒண்ணுமில்ல. ஃபேன்" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரூமுக்குள்ள இருந்து கூப்புட்டாரு. 'மாமா, ஃபேன் கடகடங்குது, கொஞ்சம் பாத்துத் தாங்களேன்'னாரு. என்கிட்ட கேட்டாரு நஸீரா. வாயத் தொறந்து கேட்டாரு."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஏணியை எடுத்துக் கொடுத்தேன்.

"அழுதுக்கிட்டே ஏறாதீங்க. விழுந்து தொலைச்சீங்கன்னா யாரு பாக்குறது?" என்றேன்.

அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் செருப்புகூட இல்லாமல் ஓடினார்.